பிக்கப் வண்டிக்கு அடுத்து எதைப் பொருத்துவது: எடைக் கணக்கிலிருந்து ஒரு பதில்

நான்கு சக்கர இயக்கம் கொண்ட இரட்டைக் கேபின் பிக்கப்பில் வண்டியை 2 அங்குலம் உயர்த்தும் லிஃப்ட் கிட்டும், எல்லாவகைப் பாதைக்குமான ஆல்-டெரெய்ன் டயர்களும் போட்டுவிட்டீர்கள். அடுத்ததாக வின்ச்சுடன் (மாட்டிக்கொண்ட வண்டியைக் கயிற்றால் இழுக்கும் மின்மோட்டார் உருளை) கூடிய ஸ்டீல் பம்பர், பின் டிஃபரன்ஷியல் லாக்கர் (பின்சக்கரங்கள் இரண்டும் ஒன்றாகச் சுழலும்படி பூட்டுவது), ஸ்நார்கல் (எஞ்சினுக்கான காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் குழாய்), கூரைக் கூடாரம் ஆகிய நான்கில் எதை முதலில் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பாறை நிறைந்த மலைத்தடங்களிலும் சேற்றிலும் ஓட்டுவதாகவும், பெரும்பாலும் இன்னொரு வண்டி துணைக்கு வருவதாகவும், ஆண்டில் சில முறை குடும்பத்துடன் பல நாள் பயணம் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இந்த விவரங்களை வைத்துப் பார்த்தால், உங்கள் நான்கில் லாக்கர்தான் முதலில் வர வேண்டும். வின்ச்சும் பம்பரும் அதற்குப் பின்னர், வண்டியை ஒரு முறை எடை போட்டுப் பார்த்த பிறகு வரலாம். கூடாரத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்நார்கலுக்கு இப்போது அவசரமில்லை. இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, உங்கள் பட்டியலில் இடம்பெறாத சில எளிய பொருட்கள் இருக்கின்றன. அவற்றுக்குச் செலவு குறைவு, பயன் அதிகம்.

இந்த வரிசைக்குக் காரணம் எடை. வண்டியின் கையேட்டிலோ கதவுத் தூணில் ஒட்டிய தகட்டிலோ அதிகபட்ச மொத்த எடை குறிக்கப்பட்டிருக்கும். நடுத்தர அளவுப் பிக்கப்களில் அது பெரும்பாலும் 3,000 கிலோவை ஒட்டியே இருக்கிறது. எடுத்துக்காட்டாக மொத்த எடை வரம்பு 3,100 கிலோ, வெறும் வண்டி 2,150 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஏற்றக்கூடியது 950 கிலோ. கேட்பதற்குத் தாராளமாகத்தான் தெரிகிறது. ஆனால் கூட்டிப் பாருங்கள்: நான்கு பெரியவர்கள் 300 கிலோ, பின்தொட்டி மீதான மூடுகூடு 90, ஸ்டீல் பம்பர் 65, வின்ச் 35, கூடாரம் 65, அதைத் தாங்கும் ரேக் 30, இழுப்பறைகளும் ஃபிரிட்ஜும் 90, அடித்தளத் தகடுகள் 40, இரண்டாவது பேட்டரி 30, தண்ணீர் 60, கருவிகளும் மீட்புச் சாதனங்களும் 40. இத்தோடு 845 கிலோ ஆகிவிட்டது. துணிமணி, சமையல் சாமான், படுக்கை என்று இன்னும் 100 கிலோ சேர்ந்தால் வரம்பில் மிஞ்சுவது 5 கிலோ. வெறும் வண்டியின் எடையைச் சில நிறுவனங்கள் டேங்க் நிறைய எரிபொருளுடனும், சில நிறுவனங்கள் மிகக் குறைந்த எரிபொருளுடனும் கணக்கிடுகின்றன. 80 லிட்டர் டீசலே ஏறத்தாழ 67 கிலோ என்பதால், உங்கள் கையேடு எந்த வகையில் சொல்கிறது என்று பார்க்காவிட்டால் இந்தக் கணக்கே தலைகீழாகிவிடும்.

மொத்த எடையைப் போலவே அது எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். முன், பின் ஆக்சில்கள் (சக்கர அச்சுகள்) ஒவ்வொன்றுக்கும் தனி வரம்பு உண்டு. இப்படிப் பொருட்களைப் பொருத்தி முடித்த வண்டிகளில் முதலில் மீறப்படுவது பெரும்பாலும் இந்த வரம்புதான். பம்பரும் வின்ச்சும் சேர்ந்து 100 கிலோ, அந்தச் சுமை முன் ஆக்சிலுக்கு 0.9 மீட்டர் முன்னால் தொங்குகிறது, இரு ஆக்சில்களுக்கும் இடையிலான தூரம் 3.1 மீட்டர் என்று கொள்வோம். நெம்புகோல் விதிப்படி முன் ஆக்சில் மீது ஏறும் சுமை 129 கிலோ; பின் ஆக்சிலில் 29 கிலோ குறைகிறது. பின்பக்கக் கொக்கியில், ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் பின்னால், 100 கிலோவைத் தொங்கவிட்டால் பின் ஆக்சில் 139 கிலோவைச் சுமக்கும், முன்பக்கம் 39 கிலோ இலகுவாகும். பின்புறக் கதவில் கூடுதல் சக்கரம், அதற்குப் பக்கத்தில் எரிபொருள் கேன்கள் என்று அடுக்கியவர்களின் ஸ்டீயரிங் மிதப்பது போல ஆவதற்கு இதுவே காரணம். தொய்ந்த பின்பக்கத்தைத் தூக்குவதற்காகப் பட்டை ஸ்பிரிங்குகளுக்கும் சேஸிஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) இடையில் காற்றுப் பைகளைப் பொருத்துகிறார்கள். பட்டை ஸ்பிரிங் தன் இரு முனைகளிலும் பகிர்ந்து தாங்கிய சுமையை அந்தப் பை சேஸிஸின் ஒரே இடத்தில் குவிக்கிறது. பின்னால் கனமான டிரெய்லரையும் இழுத்துக்கொண்டு குண்டுங்குழியுமான பாதையில் வேகமாகப் போனால், அந்த இடத்தில் சேஸிஸ் வளைந்துவிடுகிறது. இப்படி வளைந்த பிக்கப்கள் ஒன்றிரண்டல்ல.

இனி, பட்டியலில் இல்லாத அந்த எளிய பொருட்களுக்கு வருகிறேன். முதலாவது, முன்னும் பின்னும் தாங்கும் சுமை தரமதிப்பிடப்பட்ட மீட்புக் கொக்கிகள். தொழிற்சாலையிலிருந்து வரும்போது முன்பக்கத்தில் காணப்படும் மெல்லிய வளையங்கள் பல வண்டிகளில் கப்பலிலோ லாரியிலோ கட்டி அனுப்புவதற்காக வைக்கப்பட்டவை. சேற்றில் புதைந்த வண்டியை இழுக்கும் விசையை அவை தாங்கா. டிரெய்லர் இழுக்கும் பந்துக் கொக்கியில் ஒருபோதும் மீட்புக் கயிற்றை மாட்டாதீர்கள். அது உடைந்தால் கயிற்றில் தேங்கிய விசை முழுவதும் ஓர் இரும்புக் குண்டை ஏவிவிடுகிறது. அப்படி உயிரிழந்தவர்கள் உண்டு. துணை வண்டி கூடவே வருகிறது என்பதால், நைலானால் ஆன மீள்தன்மைக் கயிறு ஒன்றும் அதைக் கொக்கியில் மாட்டும் மென்கயிற்று ஷாக்கிள்கள் (இணைப்பு வளையங்கள்) இரண்டும் உங்கள் பெரும்பாலான சிக்கல்களைத் தீர்த்துவிடும். அந்தக் கயிறு தன் நீளத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை நீண்டு, அந்த ஆற்றலைச் சீராகத் திருப்பித் தருவதால் இரு வண்டிகளின் சேஸிஸுக்கும் அதிர்ச்சி குறைவு. நீளாத பட்டையையோ சங்கிலியையோ வைத்து ஓடிவந்து இழுப்பது ஆபத்தானது. புதைந்த சக்கரத்தின் அடியில் வைக்கும் இழுவைப் பலகைகள் ஒரு ஜோடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; இரண்டும் சேர்ந்து 10 கிலோவுக்கும் குறைவு.

இரண்டாவது, காற்றழுத்தத்தைக் குறைக்கவும் ஏற்றவும் வழி. நல்ல டயர் வாங்கிய பலர் அதைச் சாலை அழுத்தத்திலேயே தடத்தில் ஓட்டுகிறார்கள். அப்படி ஓட்டினால் அந்த டயரின் பாதிப் பயன் வீண். தார்ச்சாலையில் 36 பிஎஸ்ஐ வைத்திருக்கும் டயரைக் கரடுமுரடான சரளைப் பாதையில் 26 வாக்கிலும், பாறையில் 20 முதல் 22 வரையிலும், தளர்ந்த மணலில் 16 முதல் 18 வரையிலும் இறக்கினால், தரையைத் தொடும் பரப்பு முக்கியமாக நீளவாக்கில் வளர்கிறது. டயர் பாறையின் விளிம்பைச் சுற்றி வளைந்து பிடிக்கிறது, குத்துப்படுவது குறைகிறது, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் முதுகும் தப்பிக்கிறது. இந்த எண்கள் உங்கள் டயரின் கட்டமைப்பையும் சுமையையும் பொறுத்துச் சற்று மாறும். அழுத்தத்தைக் குறைத்த பிறகு வேகத்தையும் குறைக்க வேண்டும்; இல்லாவிட்டால் டயர் சூடேறும். மிகக் குறைந்த அழுத்தத்தில் வெடுக்கென்று திருப்பினால் டயர் ரிம்மை விட்டு கழன்றுவிடவும் கூடும். திரும்பக் காற்றேற்ற, பேட்டரியில் நேரடியாக இணைக்கும் 12 வோல்ட் கம்ப்ரசர் தேவை. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறிய பம்புகளைக் கொண்டு இந்த அளவு டயர் நான்கை நிரப்புவதற்குள் பொறுமையும் பம்பும் ஒருசேரத் தீர்ந்துவிடும்.

மூன்றாவது, பாறைப் பாதைக்கான கீழ்ப்புறப் பாதுகாப்பு. எஞ்சின் எண்ணெய்த் தொட்டி, கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பகிரும் பெட்டி) ஆகியவற்றின் கீழ் வரும் தகடுகளும், பக்கவாட்டில் கதவுகளுக்குக் கீழே பாறையின் அடியைத் தாங்கும் ராக் ஸ்லைடர்களும் வேண்டும். ஸ்லைடர்கள் சேஸிஸில் பொருத்தப்பட்டவையா என்று பாருங்கள். உடற்கூட்டில் தொங்கும் அழகுப் படிக்கட்டுகள் முதல் பாறையிலேயே மேல்நோக்கி வளைந்து, கதவைத் திறக்க முடியாமல் செய்துவிடும். அலுமினியத் தகடு எடை குறைவு, ஆனால் கூரான பாறையில் உரசும்போது கீறி மாட்டிக்கொள்ளும். ஸ்டீல் தகடு வழுக்கிச் செல்லும், விலையும் பெரும்பாலும் குறைவு, எடைதான் கூடுதல். எஞ்சினுக்குக் கீழே மட்டும் ஸ்டீல், பின்னால் அலுமினியம் என்று கலந்து போடுவதே எனக்குச் சரியாகப்படுகிறது. எண்ணெய் மாற்றும் துளைக்கு வழி விட்டிருக்கிறார்களா, காற்றோட்டத்துக்கு இடம் இருக்கிறதா என்பதையும் பார்த்து வாங்குங்கள். தகட்டின் உள்ளே தேங்கும் காய்ந்த சேற்றையும் இலைகளையும் அவ்வப்போது கழுவி எடுக்க வேண்டும்.

பட்டியலில் இல்லாத இந்தப் பொருட்களில் தகடுகளும் ஸ்லைடர்களும்தான் கணிசமாக எடை கூட்டுபவை. அந்த எடை இரு ஆக்சில்களுக்கும் நடுவே, தாழ்வாக உட்காருவதால் வண்டியின் சமநிலையை அது கெடுப்பதில்லை.

லாக்கரை ஏன் வின்ச்சுக்கு முன்னால் வைக்கிறேன் என்பதற்கு, டிஃபரன்ஷியல் செய்யும் வேலையைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. சாதாரணத் திறந்த டிஃபரன்ஷியல் ஒரே ஆக்சிலின் இரு சக்கரங்களுக்கும் சம அளவு முறுக்கு விசையையே கொடுக்கிறது. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், அதைச் சுழற்றத் தேவைப்படும் மிகச் சிறிய விசைதான் தரையில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் கிடைக்கும். உங்கள் லிஃப்ட் கிட் வண்டியை உயர்த்தியிருக்கிறது. ஆனால் சக்கரங்கள் கீழே தொங்கும் தூரம் அதனால் பெரிதாகக் கூடியிருக்காது. முன்பக்கத்தில் தனித்தனி சஸ்பென்ஷன் கொண்ட வண்டிகளில் அது குறைந்தும் போயிருக்கலாம். ஆகவே குறுக்கே அறுத்தோடும் பள்ளங்களில் முன்சக்கரம் ஒன்றும் எதிர்மூலைப் பின்சக்கரம் ஒன்றும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும். நான்கு சக்கர இயக்கத்தில் இருந்தாலும் வண்டி நகராமல் நின்றுவிடுவது அப்போதுதான். இன்றைய வண்டிகளில் இருக்கும் டிராக்ஷன் கண்ட்ரோல், வீணாகச் சுழலும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து மறு சக்கரத்துக்கு விசையைத் திருப்புகிறது. அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் சக்கரம் சுழலத் தொடங்கிய பிறகே அது விழித்துக்கொள்கிறது. அந்த இடைவெளியில் நீங்கள் ஆக்சிலரேட்டரை அழுத்த, பாறையில் சக்கரம் திடீரென்று பிடிக்க, சக்கரத்துக்கு விசையைக் கொண்டுசெல்லும் அரை ஷாஃப்ட்டும் சிவி ஜாயின்ட்டும் அடி வாங்குகின்றன. பின் லாக்கர் இருந்தால் அதே இடத்தை எஞ்சின் தன் மெதுவான ஓட்டத்திலேயே ஊர்ந்து கடக்கும். வேகத்தால் கடக்க வேண்டியதை மெதுவாகக் கடக்க முடிவதுதான் லாக்கரின் உண்மையான லாபம், அதோடு அது சேர்க்கும் எடை சில கிலோ மட்டுமே.

வின்ச் நீங்கள் மாட்டிக்கொண்ட பிறகு உதவுகிறது, லாக்கரோ மாட்டிக்கொள்ளும் தருணங்களையே குறைக்கிறது. துணை வண்டி இருக்கும்வரை முதலாவதற்கு மாற்று உண்டு, இரண்டாவதற்கு இல்லை. நீங்கள் தனியாகச் செல்பவராக இருந்திருந்தால் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டிருப்பேன்.

சுவிட்சால் இயங்கும் லாக்கரையே தேர்ந்தெடுங்கள். காற்றால் இயங்கும் வகையும் மின்காந்தத்தால் இயங்கும் வகையும் கிடைக்கின்றன. காற்று வகைக்குத் தேவைப்படும் கம்ப்ரசரையே டயருக்கும் பயன்படுத்தலாம் என்பது ஒரு வசதி, குழாய் கசிந்தால் லாக்கர் வேலை செய்யாது என்பது ஒரு தொல்லை. மின்காந்த வகையில் குழாய்கள் இல்லை. பூட்டிக்கொள்ளச் சில வடிவமைப்புகளில் சக்கரம் கொஞ்சம் திரும்ப வேண்டியிருக்கும். தானாகப் பூட்டும் வகை மலிவு என்றாலும், தார்ச்சாலை வளைவுகளில் அது எழுப்பும் சத்தமும் ஈரச்சாலையில் அதன் நடத்தையும் குடும்பம் பயணிக்கும் வண்டிக்குப் பொருந்தா. முன் லாக்கர் இப்போது வேண்டாம். பூட்டிய நிலையில் ஸ்டீயரிங் கனத்துவிடும், முன்பக்க ஷாஃப்ட்டுகள் அந்தச் சுமைக்கு மெல்லியவை. பின் லாக்கருக்கும் ஓர் எல்லை உண்டு: பக்கச் சரிவில் இரு சக்கரங்களும் ஒன்றாகச் சுழன்றால், பக்கவாட்டுப் பிடிமானம் போய், பின்பக்கம் கீழே சறுக்கும். அங்கே அதை அணைத்துவிட வேண்டும். உங்கள் வண்டியில் தொழிற்சாலை லாக்கர் இருக்கிறதா என்பதையும் சரிபாருங்கள். சில வண்டிகளில் அதை இயக்கியதும் டிராக்ஷன் கண்ட்ரோல் முன்பக்கத்துக்கும் சேர்த்து அணைந்துவிடும்.

லாக்கரைப் பொருத்தும் முன் தீர்மானிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது: இன்னும் பெரிய டயருக்குப் போவீர்களா? ஆக்சிலின் அடியில் இருக்கும் தரை இடைவெளியை லிஃப்ட் கிட் கூட்டுவதில்லை, டயர்தான் கூட்டும். ஆனால் 265/70 ஆர்17 அளவிலிருந்து 285/70 ஆர்17 அளவுக்குப் போனால் விட்டம் 803 மில்லிமீட்டரிலிருந்து 831 ஆகிறது. டிஃபரன்ஷியலின் கீழே கிடைப்பது அதில் பாதி, அதாவது 14 மில்லிமீட்டர். அந்த 14 மில்லிமீட்டருக்காகச் சக்கரத்தின் எடை கூடுகிறது, பிரேக் பிடிக்கும் தூரம் நீள்கிறது, ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 103க்கும் மேலே போகிறீர்கள், 3.9 என்ற டிஃபரன்ஷியல் விகிதம் 3.77 போல நடந்துகொள்கிறது, அதாவது இழுவிசை குறைகிறது. இந்த அளவு மாற்றத்தைப் பெரும்பாலான வண்டிகள் தாங்கிக்கொள்ளும். 35 அங்குலத்துக்குப் போனால் அதே விகிதம் 3.5 அளவுக்கு இறங்கிவிடும். அப்போது டிஃபரன்ஷியல் கியர்களை மாற்றியே ஆக வேண்டும், அதுவும் முன்னும் பின்னும் ஒரே விகிதத்தில். லாக்கருக்காகப் பின் டிஃபரன்ஷியலைத் திறக்கும் அதே கூலியில் பின்பக்கக் கியர் மாற்றமும் முடியும் என்பதால், அந்த எண்ணம் இருந்தால் இரண்டையும் ஒன்றாகச் செய்யுங்கள். நீங்கள் விவரித்த பயணங்களுக்கு இப்போதைய டயரே போதும் என்பது என் கருத்து.

இதற்குப் பிறகு, வழக்கமான குடும்பப் பயணத்துக்கு ஏற்றுவது போலவே எல்லாவற்றையும் ஏற்றி, டேங்கை நிரப்பி, ஆட்களையும் உட்காரவைத்து, எடைமேடைக்குப் போங்கள். முன் ஆக்சில் தனியாக, பின் ஆக்சில் தனியாக, மொத்தமாக என்று மூன்று எடைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகே பம்பர், வின்ச் பற்றிய பேச்சு. உங்கள் லிஃப்ட் கிட்டின் முன் ஸ்பிரிங்குகள் எந்தச் சுமைக்கானவை என்பதையும் அப்போது பார்க்க வேண்டும். வெறும் முன்பக்கத்துக்கென்று தேர்ந்த ஸ்பிரிங்குகள் 129 கிலோ கூடுதல் சுமையில் தாழ்ந்து, நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய உயரத்தில் கணிசமான பகுதியைத் திருப்பி வாங்கிக்கொள்ளும். எதிர்காலத்தில் பம்பர் வரும் என்று இப்போதே கனமான ஸ்பிரிங் போட்டால், அதுவரை வண்டி கட்டை போல விறைத்து ஓடும். லிஃப்ட் போட்ட பின் சக்கர ஒழுங்கமைப்பைச் சரிபார்க்காமல் இருந்தால், அதையும் இந்தச் சமயத்தில் செய்துவிடுங்கள். உயர்த்தும்போது கேஸ்டர் கோணம் (ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வு) குறைந்து, நெடுஞ்சாலையில் வண்டி அலையும். வழக்கமான சரிசெய்தல் வரம்புக்குள் அது திரும்ப வராவிட்டால் முன்சக்கரங்களைப் பிடித்திருக்கும் மேல் கண்ட்ரோல் ஆர்ம்களை மாற்ற வேண்டியிருக்கும்.

வின்ச்சின் திறன் வண்டியின் மொத்த எடையைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. 3,100 கிலோ வண்டிக்கு அது 4,650 கிலோ. 9,500 பவுண்டு வின்ச் என்பது 4,309 கிலோ, 12,000 பவுண்டு என்பது 5,443 கிலோ. பெட்டியில் அச்சிட்ட திறன் உருளையில் கயிற்றின் முதல் அடுக்குக்கு மட்டுமே பொருந்தும். உருளை நிறையக் கயிறு சுற்றியிருக்கும்போது அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். கப்பி ஒன்றை மரத்திலோ மற்றொரு வண்டியிலோ கட்டி இரட்டைக் கயிறாக இழுத்தால் விசை ஏறக்குறைய இரட்டிக்கும், வேகம் பாதியாகும். ஸ்டீல் கயிற்றைவிடச் செயற்கை இழைக் கயிறு பத்துக் கிலோ வரை எடையைக் குறைக்கிறது, அறுந்தாலும் அது வீசியடிக்கும் ஆபத்து குறைவு. வெயிலும் மண்ணும் பாறை விளிம்பும் அதற்குப் பகை என்பதால் பராமரிப்பு அதிகம் கேட்கும். முழுச் சுமையில் வின்ச் 400 ஆம்பியரை ஒட்டி மின்சாரம் இழுக்கும் என்பதால் பேட்டரி நல்ல நிலையில் இருப்பது கட்டாயம். முழு ஸ்டீல் பம்பருக்குப் பதிலாக, தொழிற்சாலைப் பம்பருக்குப் பின்னால் மறைவாகப் பொருத்தும் வின்ச் தாங்கி உங்கள் வண்டி மாடலுக்குக் கிடைத்தால் அதையே பாருங்கள். கணிசமான எடை மிஞ்சும். முழுப் பம்பரே வேண்டும் என்றால், அது உங்கள் மாடலின் ஏர்பேக் அமைப்புக்குச் சோதிக்கப்பட்டதா, கிரில்லில் இருக்கும் ராடார் சென்சாரை மறைக்காமல் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஸ்நார்கல் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பல பிக்கப்கள் தொழிற்சாலை நிலையிலேயே 700 முதல் 800 மில்லிமீட்டர் ஆழ நீரைக் கடக்கும் என்று அறிவிக்கப்பட்டவை. ஸ்நார்கல் மட்டும் போட்டு அந்த அளவை உயர்த்த முடியாது. ஆல்டர்னேட்டர், மின்கட்டுப்பாட்டுப் பெட்டிகள், விசிறி எல்லாம் அதே உயரத்தில்தான் இருக்கும். எஞ்சினுக்குள் நீர் போனால் அது அமுங்காததால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும் என்ற அச்சம் நியாயமானது. அதற்கு, அளக்காமல் நீரில் இறங்காமல் இருப்பதே பெரும் பாதுகாப்பு. அதிகச் செலவில்லாமல் செய்யக்கூடியது டிஃபரன்ஷியல், கியர்பாக்ஸ் சுவாசக் குழாய்களை நீட்டி உயரத்துக்குக் கொண்டுபோவது. சூடான ஆக்சில் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, குழாய் வழியாகவும் சீல்கள் வழியாகவும் நீரை உறிஞ்சும். லாக்கர் வேலையின்போதே இதையும் செய்யச் சொல்லுங்கள். கான்வாயின் பின்னால் தூசியில் நெடுநேரம் ஓட்டுபவர்களுக்கு உயரமான காற்று வாய் உதவும் என்பதால், பாலைவனப் பயணம் வந்தால் ஸ்நார்கலைப் பற்றி மறுபடி யோசிக்கலாம்.

கூரைக் கூடாரத்தை நான் கடைசியில் தள்ளுவது வசதியைக் குறைத்து மதிப்பிடுவதால் அல்ல. ஓடும் வண்டியின் கூரை தாங்கும் சுமைக்குக் கையேட்டில் ஒரு வரம்பு இருக்கும். 75 முதல் 100 கிலோ வரை என்பது பரவலான அளவு, அதில் ரேக்கின் எடையும் அடக்கம். 65 கிலோ கூடாரமும் 30 கிலோ ரேக்கும் சேர்ந்தால் வரம்பைத் தொட்டுவிட்டீர்கள். நிறுத்திய வண்டியில் மேலே நான்கு பேர் படுப்பதை அதே கூரை தாங்கலாம், ஓட்டத்தில் நிலைமை வேறு. அதைவிட, ஏற்கெனவே 2 அங்குலம் உயர்ந்த வண்டியின் உச்சியில் இந்தச் சுமையை வைத்துக்கொண்டு பக்கச் சரிவில் போகும்போது, கவிழும் கோணம் எவ்வளவு நெருங்கிவிட்டது என்பது உடலுக்கே தெரியும். பின்தொட்டியின் மீது, கேபினின் உயரத்தைத் தாண்டாத தாழ்ந்த ரேக்கில் கூடாரத்தை வைப்பது நல்ல வழி. தடத்தில் சுற்றும் நாட்களில் அதை வீட்டில் கழற்றி வைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

வேலை முடிந்ததும் ஸ்லைடர், தகடு, கொக்கி ஆகியவற்றின் போல்ட்டுகளை முதல் தடப் பயணம் முடிந்தவுடன் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் மறுபடி இறுக்கிப் பாருங்கள். மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். லாக்கரைப் பொருத்திய பட்டறையை விட்டு வண்டியை எடுக்கும் முன் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள்: முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின் ஆக்சிலை ஸ்டாண்டுகளில் நிறுத்தி, டிரான்ஸ்ஃபர் கேஸை இருசக்கர இயக்கத்திலும் வண்டியைக் கியரிலும் (ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிலும்) வைத்துக்கொண்டு ஒரு பின்சக்கரத்தைக் கையால் திருப்ப வேண்டும். லாக்கர் அணைந்திருந்தால் மறு சக்கரம் எதிர்த் திசையில் சுழலும், பூட்டியிருந்தால் இரண்டுமே அசையாது. இதில் எது பிசகினாலும் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.